குடிக்காமல் வைத்த காப்பி

ஸ்கார்பரோவில் ஓர் அரபுக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பழைய பனி கறுத்துக் கிடக்கிறது. கல்லாவில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண், கடைக்கார அரபுக்காரரின் மனைவி. அவளுடைய மாமனார் முன்பு தம் நாட்டுக்குப் பக்கத்திலிருந்த முடியாட்சி ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தாராம்.

"அங்க சண்டை வந்த நேரம் மாமாவின்ர நாட்டுக்காரர் எல்லாரையும் கலைச்சுப்போட்டாங்கள், அங்கிள்."

எனக்குத் தெரியும். அந்த முடியாட்சியின் நிதி அமைச்சகத்தில் அப்போது நான் ஆலோசகர். அவர்களை வெளியேற்றினால் நமக்கு நஷ்டமில்லை என்று சொன்னவன் நான். அவர்களுக்காகப் பேச வந்த தூதர், காப்பியைத் தொடாமல் கீழே வைத்தார். ஒன்றைக் கேட்டு வந்தவர், அதைத் தருவதாக வீட்டுக்காரர் சொன்ன பிறகே காப்பியைக் குடிப்பது அங்கே வழக்கம். நான் அறியவில்லை. "காப்பி பிடிக்கவில்லை போல, தேநீர் கொடுங்கள்" என்றேன். அமைச்சர் சிரித்துவிட்டார். தூதர் எழுந்து போனார்.

இன்று நானும் குடிக்காமல் வைக்கிறேன். அவள் கவனித்துவிடுகிறாள்.

"என்ன அங்கிள், மாமா வீட்டு ஆக்கள் மாதிரி வச்சிருக்கிறியள்! பொம்பிளை கேக்கவோ வந்தனீங்கள்?"

எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. சுத்தமாக இருக்கும் மேசையைத் துடைக்கிறாள்.

"உந்தக் கோப்பியைக் குடியுங்கோ எண்டு நான் சொல்லேலாது, அது மாமா சொல்லவேண்டியது. மாமா அஜக்ஸில இருக்கிறார். கடை பூட்டினதும் கூட்டிக்கொண்டு போறன். வருவியளோ?"

"வருகிறேன், அம்மா."

"நான் ஒண்டும் கதைக்கமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். அவர் வெளிய போ எண்டால், பேசாமல் வந்து காரில ஏறுங்கோ."