தாமரை மூடி

போத்தல் மூடியில் ஒரு தாமரைப் பூ இருந்தால், உள்ளே பியர் இருக்கும் என்று எந்தத் தமிழரும் சந்தேகப்படமாட்டார் என்று நான் மனதார நம்பியிருந்தேன். இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அப்போது அது மகா தந்திரமாகப் பட்டது.

என்னோடு வேலை செய்த நோர்வேக்காரன் ஒருவன் தன் வீட்டில் பியர் காய்ச்சுவான். சொந்தப் பாவனைக்குக் காய்ச்சுவது இங்கே குற்றமில்லை. நானும் கூட்டுச் சேர்ந்தேன். காய்ச்சுவது அவன் பொறுப்பு, மூடிக்குப் படம் போடுவது என் பொறுப்பு. அவன் மண்டையோடு கேட்டான்; நான் தாமரை என்றேன். பியருக்குப் பூவா என்று என்னை ஒருமாதிரிப் பார்த்தான். தமிழர் நிறைந்த ஸ்டோவ்னரில், எங்கள் கட்டட லிஃப்டுக்குள் பெட்டியோடு நிற்கும்போது எனக்கு எதிரே யார் யார் ஏறுவார்கள் என்று அவனுக்கு என்ன தெரியும்?

மூடி போடுவது லேசான வேலை என்று நினைத்தது இன்னொரு மடத்தனம். படத்தை ஒட்டுத்தாளில் அச்சடித்து, வட்டமாக வெட்டி, வெள்ளை மூடியில் ஒட்டினேன். போத்தலில் வைத்து அமுக்கியதும், மூடி இறுக்கும் கருவி விளிம்பிலிருந்த இதழ்களை எல்லாம் உரித்துப்போட்டது. மிஞ்சியது முட்டைக்கோவா மாதிரி ஓர் உருண்டை. வட்டத்தைச் சிறிதாக்கினேன். பிரிண்டரில் சிவப்பு மை தீர்ந்து, தாமரை பித்தம் பிடித்தவன் முகம்போல வந்தது. மை வாங்கி மறுபடி அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஆருக்கப்பா இந்தப் பூ?"

"சர்பத்துக்கு. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் காய்ச்சுறார்," என்றது என் வாய். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

அத்தோடு மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். போத்தல்கள் கட்டடத்தின் நிலவறையில் எங்கள் சாமான் அறைக்குள் போயின.

வாணி விழா அன்று எனக்கு வேலை. இடைவேளையில் மனைவி கைபேசியில் அழைத்தாள். தமிழ்ப் பள்ளிக்கு எல்லோரும் ஏதாவது கொண்டுவர வேண்டுமாம், அவளுக்குச் சமைக்க நேரமில்லையாம். "கீழ கிடந்த உங்கட சர்பத்தைக் கொண்டந்து சரஸ்வதிக்கு முன்னால வைச்சிட்டன். பூசை முடியப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம்."

வீட்டில் அவசரம் என்று மேலாளரிடம் சொன்னேன். அது பொய்யே இல்லை. தமிழ்ப் பள்ளி இருக்கும் குரோருட் போகும்வரை ரயிலில் நான் இருக்கவில்லை, ரயிலைத் தள்ளிக்கொண்டு போனேன். மனக்கண்ணில் பாலர் வகுப்பு முழுவதும் தள்ளாடித் தள்ளாடித் திருக்குறள் ஒப்புவித்தது. இனிக் குறொன்லாண்ட் தமிழ்க் கடைகளில் கத்தரிக்காய் வாங்கவும் முகத்தை மூடிக்கொண்டுதான் போகவேண்டும்.

மண்டபத்தில் கடலைக்கும் பாடப்புத்தகங்களுக்கும் நடுவே என் பெட்டி. ஒவ்வொரு மூடிக்கும் யாரோ சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி என்னைக் காட்டியதும், "டிசைன் சூப்பர் சார், எங்க பிரிண்ட் பண்ணீங்க?" என்றார். அத்தனை நாள் பாடுபட்டதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பெட்டியில் கை வைத்தேன். தமிழ்ப் பள்ளி ஆசிரியை தடுத்தார்.

"படைச்சதைத் தூக்கப்படாது அண்ணை. பூசை முடியட்டும்."

முடியவா செய்தது? ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு தேவாரம் பாடியது. தலைவர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு நீளமாகப் பேசினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, கல்வித் தெய்வத்திடம் என் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையான பக்தியோடு ஒன்று கேட்டேன்: போத்தல் திறக்கும் சாமான் இந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது.

இருந்தது. சமையலறையில் ஆசிரியை முதல் மூடியைக் கழற்றினார். பாதிப் போத்தல் நுரையாகப் பொங்கி அவருடைய பட்டுச்சேலையில் இறங்கியது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனவர், உடனே எடுத்தார்.

"ஐயோ, சர்பத் புளிச்செல்லோ போச்சு."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஒரு சர்பத்தைப் பழுதாகாமல் வைக்கத் தெரியாதோ உங்களுக்கு? இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர மானம் போச்சு."

தெரியாது என்று தலையாட்டினேன்.

பிள்ளைகளுக்கு யாரோ கடையிலிருந்து தோடம்பழச் சாறு வாங்கிவந்து கொடுத்தார்கள். பியரில் ஒரு சொட்டும் எவரும் குடிக்கவில்லை. பெட்டி முழுவதையும் பெண்கள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினார்கள். ஒவ்வொன்றாக மூடி கழற்றிக் கொடுத்தவன் நான்.