கொழும்பில் நான் எழுந்து நின்றது

சேஷாத்ரி காலமான செய்தியைப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நடேசன் அண்ணாச்சிதான் தொலைபேசியில் சொன்னார். "சாமி போயிட்டாரு சார்." மயிலாப்பூர் வீட்டில், காலைக் காபிக்குப் பிறகு, மாரடைப்பு. பிறகு அண்ணாச்சி, "இன்னைக்கு மேட்ச் எதுவும் இல்லையே சார்?" என்றார். இல்லை என்றேன். இருவருக்கும் அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

சேஷாத்ரி வங்கியில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். தொண்ணூறுகள் பிறந்ததிலிருந்து எங்கள் பேட்டையில் யாராவது வெளிநாடு போனால் அங்கே மகளுக்குப் பிரசவம் என்று பொருள். சேஷாத்ரி போனால் அங்கே இந்திய அணி ஆடுகிறது என்று பொருள். ஷார்ஜா, சிங்கப்பூர் என்று சேர்த்துவைத்த விடுப்பெல்லாம் அதற்கே போயிற்று. "டி.வி.ல பாக்கறது கல்யாண ஆல்பம் பாக்கற மாதிரி ஓய். நேர்ல போனாத்தான் நாம பொண்ணாத்துக்காரா. வயத்துல நெருப்பைக் கட்டிண்டு உக்காரணும்" என்பார்.

நம்மவர்கள் இருவர் நிலைத்து ஆடும்போது பார்ப்பவர்கள் இடம் மாறக் கூடாது என்பது சென்னையில் படித்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சேஷாத்ரி அதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்திருந்தார். மயிலாப்பூர் சோபாவில் அசையாமல் இருப்பதன் பலன் கடல் தாண்டும்போது குறைந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. அவர் நேரில் போனதற்கு அதுதான் காரணம்.

கொழும்புக்கு அவரோடு நானும் அண்ணாச்சியும் போனோம். சேஷாத்ரி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். புறப்படும்போது அவர் மனைவி, மாமி, என்னைத் தனியாக அழைத்து, "ஊசி போட்டுண்டா உடனே சாப்பிடச் சொல்லுங்கோ. மேட்ச் நடந்தா அவருக்குப் பசிக்கறதே தெரியாது" என்றாள். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவரும் அதே கிரிக்கெட் மதம் என்று மாமிக்குத் தெரியும்.

உணவு இடைவேளையில் சேஷாத்ரி ஊசி போட்டுக்கொண்டார். சைவக் கடையில் வாங்கிய தயிர் சாதப் பொட்டலத்தைத் தேடி எடுப்பதற்குள் நம்மவர்கள் ஆட வந்துவிட்டார்கள். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார், விக்கெட் விழுந்தது. கவளத்தை இலையிலேயே வைத்துப் பொட்டலத்தைக் கட்டினார். அடுத்த பந்து பவுண்டரி. விஞ்ஞானம் முடிவாகிவிட்டது.

"யாரும் அசையப்படாது" என்றார்.

ஒரு மணி நேரம் அசையவில்லை. ரன் ஏறியது. அவர் சட்டை நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பொட்டலத்தின் மேலிருந்த கை நடுங்கியது. ஆட்டம் அப்படி என்று நினைத்தேன். "ஓவருக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். பந்து உருண்டு நிற்பதற்குள் மனக்கணக்காகச் சொல்பவர் அவர்.

"புதன்கிழமை" என்றார்.

"அண்ணாச்சி, இவருக்குச் சர்க்கரை இறங்குது. நான் போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்."

அண்ணாச்சி மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓவர் முடியட்டும் சார். ரெண்டு பாலுதான்."

மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து பத்திரிகைகளில் எழுதிவருபவன் நான். அந்த இரண்டு பந்துகளுக்கும் காத்திருந்தேன். இரண்டாவது நோபால். அதற்குப் பதிலாக வீச வேண்டிய பந்துக்கும் காத்திருக்கலாமா என்று யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

எழுந்தேன். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு படிகளில் இறங்கி, கீழே நின்ற ஆளிடமிருந்து ஒரு பாட்டில் கலர் சோடாவைப் பிடுங்கினேன். முதுகுக்குப் பின்னால் மைதானமே அலறியது. அது உள்ளூர்க்காரர்களின் அலறல். திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அண்ணாச்சி தலையை நிமிர்த்திப் பிடிக்க, கலரைச் சிறிது சிறிதாகப் புகட்டினேன். பாதி வழிந்தது. பிறகு விழுங்கினார். ஒரு கால் மணி நேரம் யாருடைய ஸ்கோரும் எனக்குத் தெரியாது. அவர் கண் திறந்தது, என்னைத் தாண்டி ஸ்கோர் பலகைக்குப் போனது, அங்கே நின்றது.

"யார் எழுந்தது?" என்றார்.

அண்ணாச்சி, வியாபாரத்தில் பொய் சொல்லாதவர், என்னைக் காட்டினார்.

ஜெயிக்க வேண்டிய ஆட்டம். கொஞ்ச ரன்னில் தோற்றோம். திரும்பும் விமானத்தில் சேஷாத்ரி என் பக்கத்தில் உட்காரவில்லை. அதன் பிறகு வங்கியிலும், சபா கேண்டீனிலும், தன் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்திலும் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்துவைத்தார்: "இவர்தான் கொழும்புல நம்மளைத் தோக்கடிச்சவர்." ஊசி, மயக்கம், கலர் எதுவும் அந்த வரலாற்றில் இடம்பெறவில்லை. நன்றி என்ற சொல்லை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் காலமான அன்று மயிலாப்பூர் வீட்டுக்குப் போனபோது மாமி என்னைப் பார்த்ததும் அழுதாள். "நேத்திக்குக்கூட உங்களைத் திட்டிண்டிருந்தார்" என்றாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திட்டுதான். கொழும்பிலிருந்து முந்தின நாள் வரை, வருடக்கணக்காக, என்னைத் திட்ட அவர் இருந்தார்.