மெழுகி மூடிய தறிக்குழி

எழுபதுகளில் ஒரு தை மாதம் நான் முதன்முதலாகக் காஞ்சிபுரம் போனது சாமி கும்பிடவும் இல்லை, பட்டு எடுக்கவும் இல்லை. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போனேன். ஏழைகளின் வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்திய வக்கீல் சாரதா அம்மாவிடம் நான் ஜூனியர்.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆறு மணி பஸ் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குக் குதிரை வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். அநியாயம்! அம்மாவும் நானும் இரண்டு கிலோமீட்டரையும் நடந்தே கடந்தோம்.

தனபாக்கியம் அங்கே ஒரு வாடகை வீட்டில் பதினெட்டு வருஷமாகப் பட்டு நெய்பவர். இவர் போன வருஷம்தான் குடிவந்தவர், காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். பழைய குடித்தனம் என்று காட்டத் தனபாக்கியத்தின் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருந்த ஒரே சாட்சி, காலைத் தொங்கவிட்டு நெய்யத் தரையில் வெட்டிய தறிக்குழி. அதைப் பார்க்கப் பதினோரு மணிக்கு நீதிமன்றக் கமிஷனர் வருவதாக இருந்தது.

உள்ளே போனால் குழியைக் காணோம்! சாணம் மெழுகிய தரையில் பெரிய கோலம்.

"கோர்ட்டு ஐயா வர்றாருன்னீங்க. வீட்டு நடுவுல பள்ளம் இருந்தா மரியாதையா இருக்குமாம்மா? அதான் தறியப் பிரிச்சி, மண்ணு கொட்டி மூடிட்டேன்" என்றார் தனபாக்கியம்.

என்ன பெண்பிள்ளை இவர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கடப்பாரையை எடுத்தேன்.

"கை வைக்காதே" என்று சீறினார் சாரதா அம்மா. "இப்ப தோண்டினா, இன்னிக்கு வெட்டின குழின்னுடுவாங்க."

கமிஷனர் வந்தார். "பாத்துக்கங்க சார், குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அம்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கமிஷனர் சற்று யோசித்துவிட்டு, "என் எதிர்லயே தோண்டுங்க" என்றார்.

தனபாக்கியமே தோண்டினார். புதுமண் பொலபொலவென்று வந்துவிட்டது. அதற்கடியில் குழியின் பழைய சுவர், கால் உரசி உரசி வழவழவென்று கறுத்திருந்தது. அடித்தரையில் குதிகால் அழுந்திய இரண்டு பள்ளங்கள். கமிஷனர் அவரை உட்காரச் சொன்னார். இரண்டு குதிகாலும் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு வருஷத்தில் தரை அப்படித் தேயாது என்று அங்கேயே எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. வீடு தனபாக்கியத்துக்கே நிலைத்தது.

போகிறவர்களுக்கு: பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். வழக்கு விஷயமாக யார் வீட்டுக்காவது போவதானால், யார் வருகிறார் என்பதோடு எதற்கு வருகிறார் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். "கமிஷனர் வருகிறார், தயாராக இருக்கவும்" என்று மட்டும் தனபாக்கியத்துக்குக் கார்டு எழுதிப் போட்டவன் நான்தான்.