தூண் உட்கார்ந்த கதை

என் அக்காவின் கணவர் உட்கார்ந்து நான் பார்த்த இடங்கள் மொத்தம் மூன்று. சாப்பாட்டு மேசை, பல் டாக்டரின் நாற்காலி, அப்புறம் என் வேனின் முன்சீட். மூன்றாவதிலும் பாதி வழியிலேயே, "நிறுத்துடா, நான் நடந்தே வர்றேன்" என்று இறங்கிவிடுவார். சலவைக் கடை வைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றால் மாலை ஏழு மணிக்குத்தான் நகருவார். இருபத்தாறு வருஷமாக இதே கதை. கடையில் நாற்காலி ஒன்று உண்டு. அதில் எப்போதும் அழுக்குத் துணி மூட்டைதான் சொகுசாக உட்கார்ந்திருக்கும். மேசைக்கு எதிர்ப்பக்கம் அக்கா நின்று, அவர் தேய்த்துப் போடுவதை மடித்து அடுக்குவாள். நான் அவருக்குத் தூண் என்று பெயர் வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். உட்காருவதே என் தொழில். அதற்குக் கிடைத்த பரிசு மூலவியாதி. ஆஸ்பத்திரியில் நான் குப்புறப் படுத்துக் கிடந்தபோது அத்தான் வந்து, "உக்காந்தே சாப்பிட்டா இப்படித்தான்" என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவர் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டபோது நான் துள்ளிக் குதித்தேன் என்று சொன்னால் அது பொய். உள்ளுக்குள் மட்டும்தான் குதித்தேன்.

முதலில் நீல நூல் மாதிரி இருந்தது. பிறகு சுண்டுவிரல் கனத்துக்குப் புடைத்து, முழங்காலிலிருந்து கீழே வளைந்து வளைந்து இறங்கியது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, கடைசியில் புண்ணானது. எட்டு மாதமாக ஆறவில்லை. அடுத்தவன் சட்டையில் கடுகளவு கறை இருந்தாலும் முகம் சுளிக்கிற மனிதர், புண்ணிலிருந்து கசிவது தெரியாமலிருக்க தினமும் கறுப்புக் கால்சட்டை போட ஆரம்பித்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் தடவை கடையில் வேலை அதிகம் என்றார். இரண்டாவது தடவை, "இன்னைக்குக் கால் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் டாக்டர் கோட்டுகளும் படுக்கை விரிப்புகளும் அத்தான் கடைக்குத்தான் வரும். வெளுத்த கோட்டுகள் ஒரு கூடை நிறைய மேசைக்குக் கீழே இருந்தன. அத்தான் தேய்த்துக்கொண்டே வலது செருப்பின் நுனியால் இடது கணுக்காலைச் சொறிந்தார். புடைப்பு ஒன்று உடைந்து ரத்தம் பீறிட்டுக் கூடைமேல் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் காலைப் பிடித்திருப்பார்கள். இவர் கோட்டைப் பிடித்தார். பிடித்த கையோடு குழாயடிக்கு ஓடினார். நான் வேனை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது தரையெல்லாம் சிவப்புக் காலடி.

"கோட்டைக் கீழ போடுங்க" என்று அக்கா அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இரு. காயறதுக்குள்ள பச்சத் தண்ணியில நனைக்கணும். காஞ்சுட்டா போகாது."

அக்கா அவரைத் துணி மூட்டைகளின்மேல் தள்ளிப் படுக்கவைத்தாள். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, துண்டை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றது. அதே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேனில் படுத்தபடி அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கோட்டு தண்ணியில ஊறுதா?"

காலுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சின்ன வயதுப் பெண். சிரிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்காதவர். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது நரம்பு இல்லைங்க, ரத்தக் குழாய். கால்ல இருந்து ரத்தம் மேல ஏறணும். திரும்பி வராம இருக்க வழியில சின்னச் சின்னக் கதவு இருக்கும். உங்களுக்கு அந்தக் கதவுங்க கெட்டுப்போச்சு. ஏறுன ரத்தம் வழிஞ்சு கீழயே தேங்குது. அதைச் சரி பண்ணாம இந்தப் புண்ணு சரியா ஆறாது."

"என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடியெல்லாம் தொடைகிட்ட வெட்டி, முழுக் குழாயையும் உருவி எடுத்துருவாங்க."

அத்தான் யோசித்தார். "நாடாவை உருவுற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"நாடாவை உருவிட்டா துணி இடுப்புல நிக்காதே டாக்டர்."

பெரும்பாலான ரத்தம் உள்ளே ஆழத்தில் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் போகிறது, கெட்டுப்போன இது இல்லாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு மற்ற வழிகளைச் சொன்னார். நுரை மருந்தை ஊசியால் ஏற்றிக் குழாயைச் சுருங்கவைக்கலாம். "நுரை உள்ள போனா அலசுறது யாரு?" என்று கேட்டார் அத்தான். பசை போட்டுக் குழாயை ஒட்டிவிடலாம். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர் துணியில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்தவரிடம் போய் அதைச் சொன்னால் வேறென்ன நடக்கும்? லேசர் இருக்கிறது, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு உள்ளேயே சூடு கொடுத்தால் குழாய் ஒட்டி மூடிக்கொள்ளும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப உள்ளேயிருந்து இஸ்திரி. அதைப் பண்ணுங்க."

நோயாளியின் உத்தரவு கிடைத்துவிட்டதால் டாக்டரும் சம்மதித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன்; ஸ்கேனைப் பார்த்தபோதே அவர் அதைத்தான் முடிவு செய்திருந்தார். பெரிய குழாய்க்கு லேசர். கம்பி நுழைய முடியாதபடி வளைந்து கிடக்கும் கிளைகளுக்கு, ஊசி நுனி அளவு கீறிக் கொக்கியால் இழுத்து எடுப்பது.

"எத்தனை நாள் படுத்திருக்கணும்?"

"படுக்கவே வேணாம். அன்னைக்கே நடக்கணும். ஆனா ஒரே இடத்துல மணிக்கணக்கா நிக்கிற பழக்கத்தை இனிமே விட்டுருங்க. நடுநடுவே நடங்க. உக்காருங்க. உக்காரும்போது காலைத் தூக்கி வெச்சுக்கோங்க."

திரும்பி வந்து கடை வாசலில் வேனை நிறுத்தியதும் அக்கா சொன்னாள்.

"இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா மேசைக்கு ஆள் வெச்சிடுவேன். நீங்க கவுன்ட்டர்ல உக்காந்து சீட்டு எழுதிக் கொடுங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

அத்தானுக்குக் கத்தியைக் கண்டுகூட அவ்வளவு பயமில்லை. அந்தக் கவுன்ட்டர்தான் பயம். இஸ்திரிப் பெட்டியை வேறு எவனோ பிடிப்பதைத் தினமும் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதில் காலை வெட்டி எறிந்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷம் நின்ற இடம்.

ஆபரேஷன் நாள் வந்தது. டாக்டர் அவரை ஒரு முக்காலியின்மேல் நிற்கவைத்து, தரையில் குந்திக்கொண்டு, நீல மார்க்கரால் புடைப்புகளைச் சுற்றிக் கோடு போட்டார். இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு பெருக்கல் குறி, நடுவே அம்பு. முடிந்தபோது என் வேன் போகிற ரூட்டை யாரோ காலில் வரைந்த மாதிரி இருந்தது. ஏன் வரைகிறார் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முன்னால் ஒரு கேஸ் இருக்கிறது, முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். நர்ஸ் அவரைப் படுக்கவைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். அக்கா கையெழுத்துப் போடப் போனாள். நான் டீ குடிக்கப் போனேன்.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தோம். அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. சுவரில் மாட்டியிருந்த சானிடைசர் பாட்டில் பாதி காலி. கணுக்கால் புண்ணின் கட்டைத் தவிர்த்தால் அத்தானின் கால், பிறந்த குழந்தையின் கால் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார். "அழியாத மைன்னு அந்தப் பேனா மேலயே போட்டிருந்தது. ரெண்டு நிமிஷம்."

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். காலைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"யாரு அழிச்சது?"

"நான்தான். பெட்ஷீட்ல ஒட்டுது டாக்டர். இந்தப் பாருங்க, இந்த ஓரத்துல பட்டுடுச்சு. இது நாளைக்கு என் கடைக்குத்தான் வரும். ஷீட்டை மட்டும் தொடச்சா போதுமா, கால்ல இருந்தா மறுபடி ஒட்டாதா? அதான் ரெண்டையும் சுத்தம் பண்ணிட்டேன்."

"ஐயா, நின்னாத்தான் அது புடைச்சுத் தெரியும். படுத்தா அமுங்கிடும். நீங்க படுத்ததும் எங்க கீறணும், எதை இழுக்கணும்னு எனக்குத் தெரியத்தான் அந்தக் கோடு." அவர் குரல் ஏறியது. "இப்பப் பாருங்க, எங்க இருக்கு காட்டுங்க."

எல்லோரும் பார்த்தோம். தலையணைமேல் கிடந்த கால் சமத்தாக, ஒன்றும் தெரியாமல் இருந்தது. இத்தனை நாளாக மிரட்டிக்கொண்டிருந்த புடைப்பு எல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

"இன்னைக்கு விட்டா ரெண்டு மாசத்துக்கு எனக்குத் தேதி இல்ல" என்றார் டாக்டர்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து தன் காலை அமுக்கிக்கொண்டாள். காலையிலிருந்து அலைகிறாளே, களைப்பு என்று நினைத்தேன். "வேணும்னே பண்ணியிருக்கார் டாக்டர். பயம். மூணாவது தடவை" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "பரவால்ல விடுங்க. நாளைக்கே நான் ஆள் பார்க்கிறேன்."

அத்தான் எழுந்து முக்காலிமேல் ஏறினார்.

"டாக்டர், நான் நிக்கிறேன். நின்னா மேல வந்துடும். எனக்கு இந்தக் காலைத் தெரியும். வேற ஒண்ணும் உருப்படியாத் தெரியாது, நிக்கத் தெரியும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் இருந்த கேஸுக்கு இன்னும் தையல் பாக்கி. "நான் வர்ற வரைக்கும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சானிடைசர் பாட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

தூண் நின்றது. அக்கா எதிரே காவல். அவள் கேட்டாள்.

"பயந்தீங்களா இல்லையா?"

"பயம்தான். ஆனா அழிச்சது அதுக்கில்ல. நெசமாவே பெட்ஷீட்டுக்காகத்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். அந்த மனிதரோடு குடும்பம் நடத்த அது ஒன்றுதான் வழி.

கால் மணி நேரத்தில் புடைப்புகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. டாக்டர் இரண்டாவது முறை குந்தி உட்கார்ந்து வரைந்தார். இந்தத் தடவை ஒரு நர்ஸை அருகிலேயே நிறுத்திவிட்டுப் போனார். காலை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ததால் அவர் விழித்தேதான் இருந்தார்; உள்ளே நடந்ததை அந்த நர்ஸ் எங்களிடம் சொன்னாள். லேசர் ஓடும்போது அத்தான் மூக்கை உறிஞ்சி, "சூடு கொஞ்சம் கூடுதல், குறைங்க" என்றாராம். டாக்டர், "நீங்க வாயை மூடுங்க" என்றாராம். ஒரு மணி நேரத்தில் தொடைவரை இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு அவர் தானாக நடந்து வெளியே வந்தார். நடை கொஞ்சம் வாத்து மாதிரிதான் இருந்தது. ஆனால் நடந்தார்.

இரண்டு வாரம் மேசைப்பக்கம் போகக் கூடாது என்று கட்டளை. துணி மூட்டை நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டது. அத்தான் அதில் உட்கார்ந்தார், கால் ஒரு பெட்டியின்மேல். மேசையில் அக்கா நின்றாள், தேய்ப்பதும் அவளே, மடிப்பதும் அவளே. இரண்டு நாள் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் உயிரை வாங்கினார். காலர் சரியில்லை, மடிப்பு கோணல், தண்ணி தெளிச்சது போதாது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் கடைக்குப் போனபோது சத்தமே இல்லை. அவர் நாற்காலியிலிருந்து குனிந்து, மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலையைக் கொஞ்சம் தூக்கு" என்றார் அக்காவிடம்.

"தம்பி வந்திருக்கான். என்ன பேச்சு இது?"

"முழங்கால் வரைக்கும்தான். தூக்கு."

எப்போதும் கணுக்கால்வரை தொங்குகிற சேலை. அவள் தயங்கித் தயங்கித் தூக்கினாள். இரண்டு காலிலும் இருந்தது. வலது கெண்டைக்காலில் அத்தானுடையதைவிட மோசமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

"எத்தனை நாளா?"

"சின்னவ பிறந்ததுல இருந்து."

சின்னவளுக்கு வயது பத்தொன்பது.

"ஏன் சொல்லல?"

அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க நின்னுட்டு இருந்தீங்க. நான் எப்படி உக்கார்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைத் தூண் என்று கேலி செய்த இத்தனை வருஷத்தில், எதிர்ப்பக்கம் இன்னொருத்தி நிற்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கூடப் பிறந்தவன் லட்சணம் இது.

அத்தான் மெதுவாக எழுந்தார். துணிகளுக்கு எண் போட வைத்திருக்கும் மார்க்கரை எடுத்துக்கொண்டு, உறை மாட்டிய காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் செய்த மாதிரியே ஒவ்வொரு முடிச்சையும் சுற்றி வட்டம் போட்டார். கோடு கோணலாகத்தான் வந்தது.

"நாளைக்கு டாக்டர் இருப்பாங்க. அதுவரைக்கும் இதை அழிச்சிடாதே."

"அவங்களே வரைவாங்களே, நீங்க எதுக்கு?"

"அழிக்காதேன்னா அழிக்காதே" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கால் இரண்டையும் பெட்டியின்மேல் தூக்கி வைத்தார்.

அடுக்கில் இன்னும் நாற்பது சட்டை பாக்கி இருந்தது. அவர் நிற்கக் கூடாது. அவளையும் நிற்க விடமாட்டார். அத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"காலர்ல இருந்து ஆரம்பி. ஒண்ணைத் தீய்ச்சே, தொலைச்சிடுவேன்."

அன்று மாலை ஏழு மணிவரை அந்த மேசைக்கு முன்னால் நின்றது நான்தான்.