கை பழகிய கிளட்ச்

வண்டியில் உட்கார்ந்ததும் சாவியைப் போடுவதற்கு முன்னால் கிளட்ச் லீவரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்ப்பேன். எதுவரை தளர்வாக வருகிறது, எந்த இடத்தில் கனக்கத் தொடங்குகிறது என்று இடது கைக்குத் தெரிந்தால்தான் எனக்கு வண்டி எடுக்க மனசு வரும். நான் வேலை பார்க்கும் மாட்டுத்தீவனக் கடையில் இதைப் பார்த்துவிட்டு முதலாளி கேலி செய்வார். "என்னம்மா, வண்டிக்கு நாடி புடிச்சுப் பாக்குறீங்களா? சளி கிளி இருக்கா?" நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணி என்றால் என் உடன்பிறந்த அண்ணனின் மனைவி. வயதில் என்னைவிடச் சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. கல்யாணமாகி பாபநாசத்துக்கு வந்தபோது எங்கள் தெருவே அவளை வாயைப் பிளந்து பார்த்தது. காரணம், திருச்சியில் வளர்ந்த அவள் கியர் பைக் ஓட்டுவாள். அண்ணன் பின்னால் உட்கார்ந்திருக்க, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாதா கோயில் பூசைக்கு வண்டி ஓட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியாரே படியில் நின்று திரும்பிப் பார்த்தார். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கலகலவென்று பேசுவாள். என்னை "வாங்க நாத்தனாரே, போங்க நாத்தனாரே" என்று கிண்டலாகத்தான் கூப்பிடுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் என்னோடு பேச ஓர் ஆள் கிடைத்தது.

அம்மா அப்போது ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார்கள். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். டிகிரி முடித்திருந்தேன். வந்த வரன்கள் வந்தபடியே திரும்பிப் போயிருந்தன. முப்பதைத் தாண்டிய பெண் வீட்டில் இருக்கிறாள், அம்மாவும் படுக்கையில் இருக்கிறார்கள், அப்புறம் என்ன, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பால் கம்பெனிக்குக் குத்தாலம் பக்கத்துக் கிராமங்களில் பெண் மேற்பார்வையாளர் வேண்டும் என்று தெரியவந்தது. மாடு வளர்க்கும் பெண்களைப் போய்ப் பார்க்க வேண்டும், பாலின் தரம் பார்க்க வேண்டும். மாயவரத்தில் தங்குவதற்கு இடம், ஓட்டுவதற்குக் கம்பெனி பைக். நேர்காணலில் என்னைப் பிடித்துப்போய்விட்டது. ஒரே நிபந்தனை, வேலையில் சேருகிற அன்று கியர் வண்டி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்கான சாவி அந்தச் சின்ன அட்டை.

நான் தயங்கினேன். தயங்காதே என்று பிடித்துத் தள்ளியதே அண்ணிதான். "அத்தைய நான் பாத்துக்கறேன். பகல்ல பின்தெரு அக்காவ வரச் சொல்லிடலாம், நானே பேசிட்டேன். உங்களுக்குன்னு ஒரு வாழ்க்க வேணாமா நாத்தனாரே? எத்தனை நாளைக்கு இப்படியே பெட்பேன் கழுவிட்டு உக்காந்திருப்பீங்க?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எல்.எல்.ஆர். போட்டாயிற்று. ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. விடிந்ததும் அண்ணனின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவோம். மில்லின் பின்பக்கம் குவிந்து கிடந்த உமிச்சாம்பலை ஒரு டப்பாவில் அள்ளி வந்து, அண்ணி களத்தில் பெரிதாக எட்டு போடுவாள். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டு வட்டமும் ஒரே அளவில் இருக்கும். நான் அந்தக் கோட்டின் மேல் வண்டியை விட வேண்டும். கால் தரையில் பட்டால் "ஃபெயில்!" என்று கத்துவாள். முதல் வாரம் அந்தக் களம் முழுக்க அந்தக் கத்தல்தான். வேலியோரம் மேய்ந்த ஆடுகள்கூட எங்களுக்குப் பழகிவிட்டன.

வண்டி விழப்போனால் ஓடிவந்து பின் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஒருமுறை வண்டியோடு சேர்ந்து இருவரும் சாம்பலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். அன்றைக்குத்தான் "நீங்க" போய் "நீ" வந்தது. "கீழ பாக்காத. எங்க போகணுமோ அங்க பாரு. ஹாண்டில ஒடிக்காத, கிளட்ச்ச பாதி விட்டுப் புடி, அதுவே இழுத்துட்டுப் போவும்." அந்தப் பழைய வண்டியின் கிளட்ச் தளர்வாக இருக்கும். கைப்பிடியை விட்டு லீவர் கொஞ்சம் விலகினாலே வண்டி இழுக்க ஆரம்பிக்கும். அந்தக் கொஞ்சத்தை என் விரல்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன. கடைசி வாரம் கண்ணை மூடிக்கொண்டு எட்டு போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். "நீ பாஸ் ஆயிட்டேன்னு வச்சுக்க, ரெண்டு பேரும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போறோம். மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்" என்றாள் அண்ணி. எனக்காக நேர்ந்துகொண்டாளே என்று நெகிழ்ந்துபோனேன்.

டெஸ்ட் அன்று அவளே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். தஞ்சாவூர் வரை அவள் ஓட்ட, நான் பின்னால். மைதானத்தில் நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேனே என்றேன். "வேணாம். இப்ப ஓட்டுனா கை உதறும். பேசாம ஜெபம் பண்ணு" என்று சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். என் முறை வந்ததும் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டு அனுப்பினாள். எங்கள் பக்கம் வண்டி டெஸ்ட் எடுப்பவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார். முதல் கியரைப் போட்டு, எனக்குத் தெரிந்த அந்தக் கொஞ்சத்துக்கு லீவரை விட்டேன். வண்டி நகரவில்லை. இன்னும் விட்டேன், நகரவில்லை. கடைசிவரை விட்டதும் திடுக்கென்று பாய்ந்தது. எப்படியோ சமாளித்து முதல் வளைவுக்குள் போனேன். பாதி கிளட்சில் இழுத்துப்போக வேண்டிய இடத்தில் எஞ்சின் உறுமியது, சக்கரம் இழுக்கவில்லை. வேகம் செத்து வண்டி சாய்ந்தது. கால் தானாகத் தரையில் போய் நின்றது.

"கால் ஊனிட்டீங்களேம்மா. அடுத்த வாரம் வாங்க" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. ஆனால் அடுத்த வாரம் எனக்கு இல்லை. வேலையில் சேர வேண்டியது அந்தத் திங்கட்கிழமை. கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நிஜமாகவே கண்ணீர் வந்தது. "படபடப்புல கை உதறியிருக்கும். விடு, இது இல்லன்னா இன்னொன்னு" என்றாள். என் கைதான் சரியில்லை என்று நானும் நம்பினேன்.

மறுநாள் பின்தெரு அக்காவிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதான் உங்க அண்ணி போன வாரமே வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே. நான் வேற வீடு ஒத்துக்கிட்டேன்" என்றார். போன வாரம் என்றால் டெஸ்டுக்கு முன்பு. வேறு யாரையாவது பார்த்து வைத்திருப்பாள், சொல்ல மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து வண்டி பஞ்சராகி, கடைத்தெரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். "டெஸ்ட் என்னக்கா ஆச்சு?" என்றார். ஃபெயில் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் அன்னிக்கே சொன்னேன்க்கா. டெஸ்டுக்கு மொத நா சாயங்காலம் உங்க அண்ணி வந்து கிளட்ச் கேபிள டைட் பண்ணுங்கன்னாங்க. டெஸ்ட் முடியட்டும் டீச்சர், அவங்களுக்குக் கை பழகியிருக்கும், இப்ப மாத்துனா வண்டி இழுக்குற எடம் மாறிடும், தடுமாறிடுவாங்கன்னேன். பரவால்ல, பண்ணுங்கன்னுட்டாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் பண்றாங்கன்னு நெனச்சேன்."

தெரியாமல் செய்தாள் என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்த மனிதர் எனக்கு இடம் வைக்கவில்லை. பாதி கிளட்ச், பாதி கிளட்ச் என்று என் விரலுக்குப் பாடம் எடுத்தவள் அவள். அந்த விரல் எங்கே பழகியிருக்கிறது என்று உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த இடத்தில் கை வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு என் நெற்றியில் சிலுவையும் போட்டிருக்கிறாள்! வேளாங்கண்ணி மாதாவையும் சேர்த்தல்லவா ஏமாற்றியிருக்கிறாள். அந்த வருடத் திருவிழாவுக்கு, நிறைவேறாவிட்டாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று காவித்துணி கட்டிக்கொண்டு நடந்தே போனாள். என்னையும் கூப்பிட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, நான் வீட்டில் இருந்தேன்.

சண்டை போட்டிருக்கலாம். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டு, எந்த நேரத்தில் அதை ஆரம்பிப்பது? அம்மாவின் காதில் விழுந்தால் தன்னால்தான் இவ்வளவும் என்று உருகிப்போவார்கள். அதனால் மென்று விழுங்கினேன். பேச்சு மட்டும் சுருங்கியது. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. "நீ" போய் மறுபடி "நீங்க" வந்தது.

அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பகலில் கூலிக்கு ஆள் வரலாம், இரவிலும் விடியற்காலையிலும் யார்? நான் போயிருந்தால் அவள் வேலையை விட வேண்டியிருந்திருக்கும். அண்ணன் விடச் சொல்லியிருப்பான், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. வாயால் போ போ என்று சொல்லிவிட்டாள், நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்திருக்கும். சரி. அதை என்னிடம் சொல்ல என்ன? "என்னால முடியாது, போகாத" என்று களத்தில் வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், இருந்திருப்பேன். என் காலை நானே மடக்கிக்கொண்டிருப்பேன். அவள் தட்டிவிட்டாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா போன பிறகு நான் தனியாக ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய பைக் ஒன்று வாங்கி, அதிலேயே எட்டு போட்டு லைசென்ஸும் எடுத்தேன். பால் கம்பெனி வேலை மாதிரி இன்னொன்று வரவில்லை. தீவனக் கடைக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிறேன். இதற்கிடையில், அந்த வீட்டில் பிறந்து என் இடுப்பிலேயே வளர்ந்த அண்ணன் மகள் காலேஜ் போய்விட்டாள். அவளுக்கு நான் என்றால் உயிர். தன் அம்மாவின் ஸ்கூட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல், "அத்த, எனக்கு உன் பைக்குதான் வேணும்" என்று என் வண்டியிலேயே ஓட்டிப் பழகினாள். டெஸ்டும் இதே வண்டியில்தான் என்று முடிவாயிற்று.

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மகளை என் வீட்டில் விட அண்ணி வந்திருந்தாள். தூக்கு நிறைய மீன் குழம்பு கொண்டுவந்தாள். வீட்டுக் கதை, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் பேசினாள். கிளம்பும்போது வாசலில் நின்ற என் வண்டியருகே நின்றாள். சீட்டைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நாத்தனாரே… கிளட்ச்ச மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. புள்ளைக்குக் கை பழகியிருக்கு" என்றாள்.

இத்தனை வருடமும் எனக்குள் ஓர் ஓரத்தில் ஒரு சந்தேகத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மெக்கானிக் நாள் மாற்றிச் சொல்லியிருப்பாரோ, பின்தெரு அக்கா தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாரோ என்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பண்டிகைக்குப் பண்டிகை அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டு வந்தேன். அதையும் அவள் வாயாலேயே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டுச் சொல்லியிருந்தால்கூட வேறு மாதிரி இருந்திருக்கும். பயந்துபோய்ச் சொன்னாள். நான் தூக்கி வளர்த்த குழந்தையிடம் நானும் அப்படிச் செய்வேன் என்று நினைத்திருக்கிறாளே, பாவி! "நேரமாச்சு, பாத்துப் போங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மைதானத்தில் மகளின் முறை வந்தபோது எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவு முடிகிறவரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை கால் ஊனாமல், கீழே பார்க்காமல், அழகாக எட்டு போட்டு வந்து, "அத்த, பாஸு!" என்று வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஃபார்மில் கையெழுத்து வாங்க ஓடினாள். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணி கண்ணெல்லாம் கலங்க அருகில் வந்து, என் இடது கையைப் பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினாள். என் கை கிளட்ச் லீவரைப் பிடித்திருந்தது. எஞ்சின் அணைந்துதான் கிடந்தது, பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை.