துளசியோடு வந்த ஹால் டிக்கெட்

பிளஸ் டூ முதல் பரீட்சை அன்று ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஹயக்ரீவர் சன்னதி உண்டு. படிப்புக்கான பெருமாள் என்பதால், பரீட்சையன்று காலையில் பிள்ளைகள் எல்லோரும் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கொண்டுபோய்க் கொடுப்போம். பட்டர் அவற்றைப் பெருமாள் பாதத்தில் வைத்து, துளசியோடு திருப்பித் தருவார்.

அன்று நல்ல கூட்டம். தட்டு நிறைய நாலாக மடித்த தாள்கள். "இந்தாம்மா" என்று பட்டர் நீட்டியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே ஃபைலில் வைத்துவிட்டேன். பாதத்தில் வைத்ததைச் சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை. பக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பல் என்றாலும் தப்பில்லை.

எட்டே முக்காலுக்கு அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பியபோது, அம்மாவின் நச்சரிப்புக்காகப் பிரித்தேன். போட்டோவில் வேறு யாரோ ஒரு பெண்! அவளுக்குத் தேர்வு மையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தென்னூர். எனக்கோ ஸ்ரீரங்கத்திலேயே.

சன்னதிக்கு ஓடினோம். இத்தனை குழந்தைகளில் யாருடையது யாரிடம் போயிற்றோ என்று பட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார், பாவம். தாளில் போன் நம்பர் இல்லை. எங்கள் பள்ளிக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு வருஷப் படிப்பு போச்சு என்று நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அப்போது தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. திருச்சி பெரிய ஊர்தான். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்ன ஊர். டியூஷனைக் கட் அடித்து நான் ஐஸ்கிரீம் சாப்பிட்ட செய்தியை, நான் வீடு திரும்புவதற்குள் அம்மாவிடம் சேர்த்த புண்ணியவதி அவர். மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயத்தைக் கேட்டு, போட்டோவை வாங்கிப் பார்த்தார். "இது வடக்கு உத்தர வீதிப் பொண்ணு. யூனிஃபார்ம் நான்தான் தேய்க்கிறேன். ஆட்டோவுல போகும், இந்நேரம் கிளம்பிருக்குமே" என்றார். அந்த ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டையும் அவரிடம்தான் வருமாம், அதனால் நம்பர் இருந்தது. இரண்டு முறை அடித்தும் அவர் எடுக்கவில்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, வண்டிய பாலத்துல ஏத்திராதீங்க. மாம்பழச் சாலையிலயே ஓரங்கட்டுங்க. பிள்ளைங்க ஹால் டிக்கெட்டு மாறிப்போச்சு."

அப்பா ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். அவளிடமும் என்னுடையது இல்லாமல், மூன்றாவது யாரிடமாவது போயிருந்தால்? வழியெல்லாம் அதே பயம். ஆட்டோவுக்குள் அவள் ஃபைலை இன்னும் திறக்கவே இல்லை. நான் சொன்ன பிறகுதான் பதறிப் பிரித்தாள். துளசி உதிர்ந்தது. உள்ளே என் மூஞ்சி! எண்ணெய் வழிகிற அந்த போட்டோவைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. அவளும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். ஆட்டோக்காரர்தான் நேரமாச்சு என்று விரட்டினார். பரீட்சை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் மையத்துக்குள் போய்விட்டேன்.

மத்தியானம் நேராக இஸ்திரி வண்டிக்குத்தான் போனேன். மூன்று மாதக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "நல்லா எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் பரவி, பால்காரர்வரை கேட்டுவிட்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊரில் யார் கண்ணிலும் படாமல் ஒரு நாளாவது இருக்க முடியாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். அப்படி ஒரு நாள் வாய்த்திருந்தால், அது அந்தப் பரீட்சை நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது.