குளியலறைக்குப் போன அந்தூரியம்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நிற்கவே அழைக்கிறேன். தமிழ்ப் பாடசாலை மேடைகளில் பேசிப் பழகியவன் நான். தோற்ற விவாதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கடந்த கோடையில் எங்கள் வீட்டுக்குள் நடந்த விவாதத்திலும் நானே வென்றேன். அந்த வெற்றியில் இரண்டு இலைகள் கருகின.

அக்கா ஒரு சிஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே அவளுக்கு நாள் முழுவதும் துணி தேய்ப்பதே வேலை. கண்ணெல்லாம் மாடியில் நிறைந்திருக்கும் செடிகளின் மேல். ஜூலையில் மலைப்பக்கம் ஓய்வுக்குப் புறப்பட்ட சிஞோரா, தன் செல்லச் செடியை அவளிடம் ஒப்படைத்தார்: கிரிஸ்டலினம் என்ற அந்தூரியம். இதை நன்றாகப் பார்த்துக்கொண்டால் செப்டம்பரிலிருந்து மாடித்தோட்டம் முழுவதும் உன் பொறுப்பு, துணி தேய்க்க வேறு ஆள் பார்க்கிறேன் என்றாராம். அக்கா அதை மடியில் ஏந்தியபடி பேருந்தில் நகரின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சிவந்த பூவுக்காக வளர்க்கும் அந்தூரியம் அன்று இது. இதன் பெருமையெல்லாம் இலையில். இதய வடிவம், கரும்பச்சை வெல்வெட்டு, அதன்மேல் வெள்ளியால் இழுத்த கோடுகள்போல் நரம்புகள்.

"சேம்பு மாதிரிக் கிடக்கு. இலையை அரிஞ்சு சுண்டல் கறி வைச்சால் என்ன பிள்ளை?" என்றார் அப்பா.

அக்கா சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாத்ரூமுக்குள்ளை வைக்கப்போறன். அங்கை ஈரம் இருக்கு, வெயில் நேரை படாது."

நான் எழுந்து நின்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவை நடுவராக்கினேன். வெப்பநாட்டில் பிறந்த செடியைச் சூரியனிடமிருந்து பிரிப்பது தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும் என்றேன். பல்கனி என்பது ஒளியின் வாசல் என்றேன். குரலை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. அக்காவுக்குச் சொல்ல இருந்தது ஒரே வசனம்: "சிஞோரா அப்பிடித்தான் வைச்சிருந்தவ."

"நீ கதைக்கிறதைக் கேட்டால் வெங்காயமும் கைதட்டும்," என்று கண்ணைத் துடைத்தார் அப்பா. "சரி, பல்கனி."

காலையும் மாலையும் நானே குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். சாடிக்குக் கீழிருந்த தட்டு நிரம்பி வழிந்தது. ஐந்தாம் நாள் ஷிரோக்கோ வீசத் தொடங்கியது, ஆபிரிக்கக் கரையிலிருந்து வரும் அந்த அனல்காற்று. மூன்று நாள் கழித்து இரண்டு இலைகள் பொரித்த அப்பளத்தின் நிறத்தில் தொங்கின.

அக்கா ஏசவில்லை. "பேச்சு முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டாள். மேடையில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

அதன் பின்னரே படித்தேன். இந்தச் செடியின் ஊர் காட்டுத் தரை. பெருமரங்களின் நிழலில், உக்கி மக்கிய இலைகளுக்கிடையே வேர் விட்டு வாழ்வது. சூரியனை அது நேரில் பார்ப்பதேயில்லை. வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பாதி வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. அவற்றை அக்கா கத்தரித்தாள். வெள்ளையாய் உறுதியாய் இருந்தவற்றை விட்டாள். பைன் மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் கரி, ஈரப்பாசி கலந்து புதிதாக நட்டோம். செடி குளியலறைக்குப் போனது.

மிச்சம் இருந்தது தண்ணீர். கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியவிடும் எங்கள் குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது. மழையோ செப்டம்பருக்கு முன் வராது. அப்போதுதான் மேல்வீட்டுக்காரியின் ஏசியிலிருந்து சொட்டும் சுண்ணாம்பில்லாத தண்ணீர் நினைவுக்கு வந்தது. அது எங்கள் துணிகளின்மேல் சொட்டுகிறதென்று இரண்டு கோடையாக இத்தாலிய மொழியில் அண்ணாந்து வாதாடியவன் நான். இப்போது வாளியோடு நின்று, தயவுசெய்து ஏசியை நிறுத்தாதீர்கள் என்றேன்.

"அவ்வொக்காத்தோ!" என்று தெருவே கேட்கச் சிரித்தாள் அவள். வக்கீல் ஐயா என்று பொருள். எனக்கு அவள் வைத்த பெயர். "வழக்கை வாபஸ் வாங்கிவிட்டாயா?"

"குளிக்கேக்கை உது என்னையே பாக்குது," என்று முறையிட்ட அப்பாவும், நான் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது சாடியின் மேற்பாசியை விரலால் தொட்டுக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை அக்கா போட்ட சத்தத்தில் பல் துலக்கியபடியே ஓடினேன். செப்பு நிறத்தில், ஈரப் பளபளப்போடு, ஒரு புதிய இலை சுருள் அவிழ்ந்துகொண்டிருந்தது. மூவரும் அந்தச் சிறு அறைக்குள் நெருக்கியடித்து நின்று சிரித்தோம்.

செடியைத் திருப்பிக் கொடுக்க நானும் போனேன், மன்னிப்புரை ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு. வாயெடுக்கும் முன் அக்கா என் காலை மிதித்தாள். வெயிலில் வைத்தோம், கருகியது, வேரை வெட்டி மாற்றி நட்டோம் என்று மூன்றே வசனங்களில் முடித்தாள். சிஞோரா சாடிக்குள் விரலை விட்டார், மரப்பட்டையைக் கிளறினார், செப்பு இலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மாடிக் கதவின் பூட்டைத் திறக்கும் திறப்பை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

படியிறங்கும்போது அக்கா என்னை மறித்தாள். "இப்ப சொல்லு உன்ரை மன்னிப்பை. மேடையிலை சொல்லுற மாதிரிச் சொல்லு."

படிக்கட்டு முழுவதும் எதிரொலிக்கச் சொன்னேன்: "இனிச் சாடிக்குள்ளை விரலை விட்டுப் பாக்காமல், எந்தச் செடிக்காகவும் நான் வாய் திறக்க மாட்டன்!"